ஒன்பதாம் வரி

காலை எட்டரை. ஜூன் மாதம்.
புந்தா அரேனாஸில் இன்னும் விடியவில்லை.
காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்குகிறது,
வாடகை பாக்கி கேட்க வந்தவன் மாதிரி.
கறுத்த திரையில் ஒரே வரி:
வேரை ஏற்ற முடியவில்லை.

நேற்றிரவு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.
சும்மா கிடந்த சங்கை ஊதியவள் நான்.
நூற்றுப் பன்னிரண்டு பொதிகளைப் புதுப்பிக்கவா என்று கேட்டது,
படிக்காமலே ஆம் என்று தட்டிவிட்டுப்
பல் தேய்க்கப் போனேன்.

எலியேசர் கேஸ் அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போடுகிறான்.
மாத்தே குடுவையை என் பக்கம் நீட்டி,
"ஊரே ஓட்டுவதை நீயும் ஓட்டினால் என்ன?"
அவனுடைய கணினி அடுத்த அறையில்
தன்னிஷ்டத்துக்குப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது,
கால் மணி நேரமாக முப்பத்து நான்கு சதவீதம்.
நான் அதைச் சொல்லவில்லை.
உறிஞ்சினேன். நாக்கு சுட்டது.

நீரிணையில் நங்கூரமிட்டு நிற்கிறது ஒரு சரக்குக் கப்பல்.
அதன் தாள்கள் என் வட்டில்:
பதினோரு மாலுமிகளின் பெயர், பிறந்த தேதி,
உறைந்த நண்டு நாற்பது டன்.
பத்து மணிக்குள் துறைமுக அலுவலகத்தில் இருக்க வேண்டும்.
கர்னல் என்றால் என்னவென்று கப்பலுக்குத் தெரியாது.

துவக்க மெனுவில் பழையதைத் தேர்ந்திருக்கலாம்.
இரண்டு நொடி மிச்சம் பிடிக்க
அந்த மெனுவையே மறைத்துவைத்தவளும் நான்.

டிராயரில் பென்டிரைவ்.
அதன்மேல் நகப்பூச்சால் எழுதியிருக்கிறது: அழாதே.
போன தடவை எழுதியது.

செருகி, எழுப்பி, வட்டைத் திறந்து,
வெளியே நின்றபடி உள்ளே நுழைகிற அந்த ஒற்றைக் கட்டளை.
சொந்த வீட்டுக்குள் ஜன்னல் வழியாக ஏறிக் குதிக்கிறேன்.
எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது.
கப்பல் தாள்கள். அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரே.
பாதியில் விட்ட வருமான வரி.

அப்புறம்தான் கண்ணில் பட்டது:
துவக்கப் பகுதி நூறு சதவீதம் நிரம்பியிருக்கிறது.
ஒன்பது பழைய கர்னல்கள்,
என்றைக்காவது தேவைப்படும் என்று எறியாமல் வைத்த
பூட்ஸ்கள் போல ஒன்றின்மேல் ஒன்று.
பத்தாவது வந்து, கால் வைக்க இடமில்லாமல்,
பாதி உடம்போடு வாசலில் நின்றுவிட்டது.
டிஸ்ட்ரோவைக் குறை சொல்ல முடியாது.
பழையதைக் களை என்று கையேட்டில் இருக்கிறது.
படித்திருக்கிறேன். அடிக்கோடுகூட இட்டிருக்கிறேன்.

ஏழை நீக்கினேன். இரண்டை வைத்துக்கொண்டேன்;
சுபாவம் ஒரே காலையில் போகாது.
மறுபடி கட்டச் சொன்னேன். புள்ளி புள்ளியாக நகர்ந்தது.
ஒன்பது நாற்பத்தொன்றுக்கு
ஒன்றுமே நடக்காததுபோலப் பாஸ்வேர்ட் கேட்டது.
வைஃபை மட்டும் எழவில்லை; அந்தச் சேவையின் தொடுப்பு அறுந்திருந்தது.
ஒரு வரியில் முடிச்சுப் போட்டேன்.
ஒன்பது ஐம்பத்திரண்டு. தாள்கள் போயின.
ஜன்னலில் சாம்பல் நிறம்.
எலியேசரின் கணினி நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தது.

மாலை ஆறுக்கெல்லாம் திரும்ப இருட்டு.
என்னுடைய பிரிண்டரின் பொதியைத் தேடினேன், ஏனென்று தெரியாது.
மூன்று வருடம் பழைய பதிப்பு.
பராமரிப்பவர் என்ற இடத்தில்: அநாதை.
இத்தனையையும் சுமப்பவர்கள் மொத்தம் இருபத்து மூன்று பேர்.
சம்பளம் கிடையாது.
ஒருத்தர் இரவுப் பணி நர்ஸாக இருக்க வேண்டும்,
அவருடைய மாற்றங்கள் எல்லாம்
அவர் ஊர் நேரப்படி விடிகாலை நான்குக்கு.

சமையல் குறிப்பு மாதிரி ஒரு சின்னக் கோப்பு, பதினெட்டு வரி.
பதிப்பு எண்ணை மாற்றினேன். சரிபார்ப்பு எண்ணை மாற்றினேன்.
அநாதை என்பதை அழித்துவிட்டு அங்கே
யானினா வுக்கசோவிச் என்று அடித்தேன்.
கை கொஞ்சம் நடுங்கியது. குளிர்தான்.
அனுப்பினேன்.

பதினேழு நிமிடத்தில் பதில்.
வணக்கம் இல்லை, நன்றி இல்லை.
எங்கேயோ, யாரோ ஒருவர்
என் பதினெட்டு வரியையும் படித்திருக்கிறார்:

"ஒன்பதாம் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி. நீக்கவும்."

போய்ப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.
கர்சரை வரியின் ஓரம்வரை நகர்த்தினேன்.
இருந்தது.